பந்து அவன் கையில் – பணம் யார் பையில்?

"பந்தாடுகிற பிள்ளைக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன தோழரே தொடர்பு?"

தேநீர்க் கடையிலே ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். அமெரிக்க நாட்டு மெம்பிஸ் நகரத்துக் கூடைப்பந்து வீரன் ஒருவனைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி அது. பந்தாட்டத்துக்கு நடுவர் உண்டு, ஊதல் உண்டு. வழக்கறிஞர் எதற்கு, வாய்தா எதற்கு என்று அவர் நினைத்ததிலே தவறில்லை. ஆனால், தோழர்களே, அந்தப் பிள்ளையின் கதையைக் கேட்டால், அது பந்தைப் பற்றிய கதை அல்ல என்பது விளங்கும். உழைப்பவன் ஒருவன், உழைப்பைக் கொண்டு பிழைப்பவர் வேறு சிலர், இடையிலே சட்டப் புத்தகத்தைக் கையிலே ஏந்தி நிற்கும் ஒரு சங்கம் – இதுதான் கதை. நாம் அறியாத கதையா இது!

ஜேம்ஸ் வைஸ்மன் என்பது அந்த இளைஞனின் பெயர். கறுப்பினத்துப் பிள்ளை. உயரம் 7 அடி 1 அங்குலம்! நம் வீட்டு வாசற்படியிலே நுழைய வேண்டுமானால் இடுப்பை வளைத்துத்தான் நுழைய வேண்டும். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்திலே வளர்ந்தவன். 2017-ஆம் ஆண்டு, பதினாறு வயதிலே, தாயோடு மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தான். இருநூறு மைலுக்கு மேல் தொலைவு – சென்னையிலிருந்து திருச்சிக்கு வருவது போல என்று வைத்துக்கொள்ளலாம். சட்டி பானை, கட்டில் பெட்டியோடு வீடு மாறுவதென்றால் செலவு என்ன ஆகும் என்பது வாடகை வீட்டிலே குடியிருக்கும் நமக்குத் தெரியாததா? அந்தச் செலவுக்கென்று ஒருவர் கொடுத்த தொகை 11,500 டாலர். இந்தத் தொகைதான் பிறகு வழக்கு ஆயிற்று, வம்பு ஆயிற்று, மூன்று ஆண்டு விசாரணை ஆயிற்று!

கொடுத்தவர் யார்? அன்ஃபர்னி ஹார்டவே. மெம்பிஸ் நகரத்து ஏழைப் பகுதியான பிங்காம்ப்டனிலே பிறந்து, பாட்டியின் கையால் வளர்ந்து, அமெரிக்கா முழுதும் அறிந்த கூடைப்பந்து வீரரானவர். பாட்டி அவரை 'அழகுப் பிள்ளை' என்ற பொருளில் 'பிரிட்டி' என்று கொஞ்சுவாராம். தென்பகுதி அமெரிக்கரின் இழுத்த உச்சரிப்பிலே அது 'பென்னி' என்று மற்றவர் காதில் விழுந்து, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பென்னி என்றால் அவர்கள் நாட்டிலே செப்புக் காசு. காசின் பெயர் தாங்கியவர் கொடுத்த காசால் வந்த வழக்கு! நாம் புனைந்து சொன்னாற்கூட இவ்வளவு பொருத்தமாக அமையாது.

இந்தப் பென்னி ஹார்டவேயே இளமையிலே ஒரு முறை ஒதுக்கி வைக்கப்பட்டவர். மதிப்பெண் விதி குறுக்கே நின்றதால், கல்லூரியிலே முதலாண்டு முழுதும் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார், ஆடினார், புகழ் பெற்றார், பொருள் பெற்றார். வந்த ஊரை மறக்காமல் திரும்பி வந்து, மெம்பிஸ் நகரத்து ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பள்ளிக்குத்தான் வைஸ்மன் வந்து சேர்ந்தான். அவன் ஆடிய அணி 2018-ல் மாநில வெற்றிக் கோப்பையைத் தூக்கிற்று. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹார்டவே மெம்பிஸ் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் பின்னாலேயே வைஸ்மனும் அந்தப் பல்கலைக்கழகத்திற்கு வருவதாக அறிவித்தான்.

மெம்பிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது கூடைப்பந்து அல்ல. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், மழைக்கு ஒதுங்கிய இரு துப்புரவுத் தொழிலாளர்களைக் குப்பை வண்டியின் இயந்திரம் நசுக்கிக் கொன்ற ஊர் அது. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, 'நானும் மனிதன்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு வீதியிலே நடந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான். கூலி கேட்டவனைக் கண்டால் கோபம் வருகிற இடங்கள் உலகில் பல உண்டு. அவற்றின் பட்டியலிலே மெம்பிஸுக்குப் பழைய இடம் உண்டு.

வழக்குக்கு வருவோம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டை ஆளுவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். என்.சி.ஏ.ஏ. என்பார்கள். 1906-ல் தோன்றிய பழைய சங்கம். தொழிற்சங்கம் என்று எண்ணிவிடாதீர்கள். இது கல்லூரி முதலாளிமார்களின் சங்கம். கல்லூரிக்கு ஆடுகிற மாணவன் 'அமெச்சூர்' ஆக இருக்க வேண்டும் என்பது இவர்கள் நெடுநாள் கட்டிக் காத்த வேதம். நம் நாட்டிலே நாடகத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம். பகலெல்லாம் அலுவலகத்தில் பேனா பிடித்துவிட்டு, மாலையிலே ஆசைக்கு அரிதாரம் பூசுகிறவர் அமெச்சூர் நடிகர். நுழைவுச் சீட்டு விற்று வீடு கட்டுகிறவர் அல்லர் அவர். ஆனால் அமெரிக்கக் கல்லூரியிலே ஆடுகிறவன்தான் அமெச்சூர். ஆட்டுவிக்கிறவர் யாரும் அமெச்சூர் அல்லர்! பயிற்சியாளருக்கு ஆண்டுக்குப் பல இலட்சம் டாலர் சம்பளம். சங்கத்துக்கோ, மார்ச்சுத் திங்களிலே நடக்கும் ஒரு போட்டித் தொடரைத் தொலைக்காட்சியிலே காட்டும் உரிமைக்காக 2010-ல் கிடைத்த ஒப்பந்தம் – 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர்! அது முடியும் முன்பே, 2016-ல், 2032 வரை நீட்டித்து மேலும் 880 கோடி டாலருக்குக் கையொப்பம்! இவ்வளவும் எதைக் காட்டி? இருபது வயது நிரம்பாத பிள்ளைகள் வியர்வை சொட்ட ஓடுவதைக் காட்டி!

'பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குப் போகாமல் நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாமே' என்பீர்கள். போக முடியாது. 2005-ல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யிலே செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அமெரிக்கப் பிள்ளை 19 வயதாகி, பள்ளி முடித்து ஓராண்டும் கழிந்திருக்க வேண்டும். அந்த ஓராண்டு, திறமைசாலிப் பிள்ளைகளிற் பலர் கல்லூரிக் களத்திலே ஆடிக்கொண்டு காத்திருப்பார்கள். வைஸ்மனும் அப்படித்தான் வந்தான்.

2019 நவம்பர் 5. மெம்பிஸ் அணிக்காக அவன் ஆடிய முதல் ஆட்டம். 28 புள்ளிகள்! வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை 11 முறை கைப்பற்றினான். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அரங்கிலே ஆரவாரம், அலுவலகத்திலே வேறு ஓர் ஓலை தயாராகிக் கிடந்தது. 'இந்தப் பிள்ளை தகுதியற்றவனாக இருக்கக்கூடும்' என்று சங்கம் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் அதே ஆண்டு மே திங்களிலே, 'தகுதியுடையவன், ஆடலாம்' என்று முத்திரை குத்தியதும் அதே சங்கம்தான்!

காரணம் என்ன? பென்னி ஹார்டவே ஒரு 'பூஸ்டர்' என்றார்கள். நம் வழக்கிலே புரவலர். கல்லூரி விளையாட்டுக்குப் பொருளுதவி செய்பவர், அந்தக் கல்லூரிக்கு வரக்கூடிய பிள்ளைக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் எப்போது புரவலரானார்? 2008-ல், மெம்பிஸ் பல்கலைக்கழகத்திலே விளையாட்டுப் புகழ் மண்டபம் கட்டப் பத்து இலட்சம் டாலர் நன்கொடை கொடுத்தாராம். அன்று வைஸ்மனுக்கு வயது ஏழு! ஒருமுறை புரவலரானால் சாகும்வரை புரவலர் என்பது சங்கத்து இலக்கணம். ஏழு வயதுப் பிள்ளை தெருவிலே பந்து உருட்டிக்கொண்டிருந்த நாளில் எவரோ எழுதிய காசோலை, பதினெட்டு வயதிலே அவன் காலைக் கட்டிப் போட்டது. ஒன்பது ஆண்டு கழித்து வீடு மாறக் கொடுத்த பணத்தையும், ஒன்பது ஆண்டு முன்பு மண்டபத்துக்குக் கொடுத்த பணத்தையும் ஒரே கயிற்றிலே கோத்தார்கள். பணம் தாயிடம் கொடுக்கப்பட்டது. பிள்ளைக்கு அது தெரியாது என்று பல்கலைக்கழகமே சொல்லிற்று. தெரியாதா? தெரியாமற் போனாலும் பரவாயில்லை, தண்டனை உண்டு என்றது சங்கம்.

நவம்பர் 8. வைஸ்மனின் வழக்கறிஞர்கள் ஷெல்பி கவுண்டி நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். நீதிபதி இடைக்காலத் தடையுத்தரவு வழங்கினார். ஆட்டம் தொடங்கச் சற்று நேரமே இருந்தது. பிள்ளை களத்திலே இறங்கினான்! நீதிமன்றத்தால் ஆட்டம் பெறுவது அவனுக்குப் புதிதும் அல்ல. 2017-ல் பள்ளிக்கூட நாளிலேயே, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அவனைத் தகுதியற்றவன் என்றபோதும் ஒரு நீதிபதியின் உத்தரவால்தான் ஆடினான். பதினாறு வயதிலே ஒரு முறை, பதினெட்டிலே ஒரு முறை. நம் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழுக்கு அலைவதுபோல, அந்தப் பிள்ளை நீதிமன்ற உத்தரவுக்கு அலைந்திருக்கிறான்.

தொழிலாளத் தோழரின் கேள்விக்கு இதுவே விடை. தன்னை ஆளுகின்ற சங்கத்திலே தனக்கு வாக்கு இல்லை. தன் மீது விதிக்கும் விதியை எழுதும் மேசையிலே தனக்கு நாற்காலி இல்லை. அப்படிப்பட்டவனுக்கு நீதிமன்றத்துப் படிக்கட்டைத் தவிர வேறு எந்தப் படிக்கட்டு இருக்கிறது?

ஆனால் அந்தப் படிக்கட்டிலும் அவனால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. நவம்பர் 12-ல் ஓரிகன் பல்கலைக்கழக அணியோடு இன்னும் ஓர் ஆட்டம் ஆடினான், மெம்பிஸ் தோற்றது. 14-ஆம் நாள் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. பல்கலைக்கழகமே அவனைத் தகுதியற்றவன் என்று அறிவித்து ஒதுக்கி வைத்துவிட்டு, 'மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சங்கத்திடம் விண்ணப்பம் போட்டது. மல்லுக்கட்டியவன் மனுப்போட வேண்டியதாயிற்று. தனி ஆள் ஒருவன், அவனை அணியில் வைத்திருக்கும் நிறுவனமோ நாளைக்கும் அந்தச் சங்கத்தோடு வாழ வேண்டிய நிறுவனம். ஆலை வாயிலிலே இதுபோன்ற சமரசங்களைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது. 12 ஆட்டங்கள் ஆடக் கூடாது. 2020 சனவரி 12 அன்றுதான் திரும்பலாம். அதோடு இன்னொன்று: அந்த 11,500 டாலரை வைஸ்மன் தன் விருப்பப்படி ஏதேனும் ஓர் அறநிலையத்துக்கு நன்கொடையாகக் கொடுக்க வேண்டும்!

இந்த இடத்திலே சற்று நிற்போம், தோழர்களே. 11,500 டாலர் என்றால் அன்றைய மதிப்பிலே நம் பணத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாய். ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்கிறாய். ஆட்டத்தால் வந்த பெயரை விற்றுக் காசு பார்க்கக் கூடாது என்கிறாய். புரவலர் எவரும் கொடுக்கக் கூடாது என்கிறாய். வீடு மாறக்கூடப் பணமில்லாத குடும்பத்துப் பிள்ளை அவன் என்பதுதான் உன் குற்றப்பத்திரிகையின் முதல் வரியே! அவனைப் பார்த்து, 'எட்டு இலட்சம் எடுத்து வை, தருமம் செய்' என்கிறாய். எங்கிருந்து எடுப்பான்? கையைக் கட்டிவிட்டு, 'ஏன் சோறு பிசையவில்லை' என்று கேட்கும் கெட்டிக்காரத்தனம் இது. தண்டனைக்குத் தருமம் என்று பெயர் சூட்டியவரின் கற்பனையை நாம் மெச்சத்தான் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். விதியே வேண்டாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பணக்காரர்கள் பிள்ளைகளை விலைக்கு வாங்கிக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோய் இறக்கினால் என்ன ஆவது? 1951-ல் நியூயார்க் நகரத்துக் கல்லூரி ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் குறைத்து ஆடிய ஊழல் வெடித்தது, நாடே வெட்கியது. ஹார்டவேயும் இலாப நோக்கமே இல்லாத முனிவர் என்று நாம் சாதிக்க வரவில்லை. அவர் பயிற்சி கொடுத்த பள்ளிக்கு அந்த ஏழடிப் பிள்ளை வந்ததால் கோப்பை கிடைத்தது. அவர் சென்ற பல்கலைக்கழகத்துக்கும் அவன் வந்தான். சந்தேகப்படுவதற்கு இடம் உண்டு. ஆகவே விசாரிக்கட்டும், கொடுத்தவரைக் கேட்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: கொடுத்தவர் களத்தின் ஓரத்திலே பயிற்சியாளராக நிற்க, அறியாத பிள்ளை மட்டும் வெளியே உட்காருவானேன்?

இந்த 'அமெச்சூர்' வேதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், அங்கே ஒரு விதவை நிற்கிறார்.

1955-ஆம் ஆண்டு. கொலராடோ மாநிலத்திலே ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரி. ரே டென்னிசன் என்ற வாலிபர் கல்லூரி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடுகையில் தலையிலே அடிபட்டு இறந்துபோனார். மனைவி, தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்டார். 'கல்லூரிக்காக ஆடினார், கல்லூரி ஆட்டத்திலே இறந்தார், தாருங்கள்' என்றார். மாநிலத் தொழில் ஆணையம் தரச் சொல்லிற்று. ஆனால் 1957-ல் கொலராடோ உச்சநீதிமன்றம், 'கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை. இறந்தவர் தொழிலாளி அல்லர்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

அந்தப் பத்தாண்டில்தான் சங்கத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த வால்ட்டர் பையர்ஸ் ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். 'மாணவ-விளையாட்டாளர்'! இனி ஆட்டக்காரன் என்றோ வீரன் என்றோ சொல்லாதே. அறிக்கையிலே, விதியிலே, பேச்சிலே எங்கும் இந்தச் சொல்லையே சொல் என்று கல்லூரிகளுக்குப் பாடம் நடந்தது. ஏன் தெரியுமா? ஆடுகிற பிள்ளையைத் தொழிலாளி என்று எந்த நீதிமன்றமாவது சொல்லிவிடுமோ என்ற அச்சம்! கை ஒடிந்தால் நட்டஈடு, கால் ஒடிந்தால் ஓய்வூதியம் என்று கேட்டுவிடுவார்களே என்ற கிலி! இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. 1951 முதல் 1988 வரை அந்த நாற்காலியிலே இருந்த பையர்ஸே, ஓய்வு பெற்றபின் 1995-ல் வெளியிட்ட தம் நூலிலே ஒப்புக்கொண்டு, தாம் கட்டிய மாளிகையைத் தாமே தோட்ட முதலாளியின் மனப்பான்மையோடு ஒப்பிட்டுச் சாடினார். ஓய்வு பெற்றபின் உண்மை பேசுகிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்.

ஒரு சொல், தோழர்களே! ஒரு சொல்லை மாற்றினால் உரிமை ஒன்றைப் பறித்துவிடலாம். வேலை செய்பவனை 'பயிலுநர்' என்று அழைத்துப் பாதிச் சம்பளம் கொடுப்பதும், பத்தாண்டு உழைத்தவனைத் 'தற்காலிகம்' என்றே எழுதி வைப்பதும் நமக்குப் புதிதா?

வைஸ்மன் என்ன செய்தான்? பெயருக்கு ஏற்றபடி அறிவாளிதான்! சனவரி 12 வரை அவன் காத்திருக்கவில்லை. 2019 டிசம்பர் 19-ல், 'நான் போகிறேன், தொழில்முறை ஆட்டத்துக்கு ஆயத்தமாகிறேன்' என்று பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினான். மூன்றே ஆட்டம் ஆடியவன்! 2020 நவம்பரிலே என்.பி.ஏ. தேர்விலே நாட்டிலேயே இரண்டாவது ஆளாக கோல்டன் ஸ்டேட் அணி அவனை எடுத்துக்கொண்டது. முதலாண்டுச் சம்பளம் மட்டும் எண்பது இலட்சம் டாலருக்கு மேல். 11,500 டாலருக்காக ஒதுக்கப்பட்டவனின் உழைப்புக்குச் சந்தை வைத்த மதிப்பு அது.

'அப்படியானால் அவனுக்கு நட்டமில்லையே' என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்டக்காரனின் உழைப்புக் காலம் மிகக் குறுகியது. 2021 ஏப்ரலில் முழங்காலிலே காயம். அடுத்த பருவம் முழுதும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவன் இறங்கவில்லை. 2024 அக்டோபரில் குதிகால் நரம்பு அறுந்தது. உடம்பே மூலதனமாக இருப்பவனுக்கு, உட்கார வைக்கப்பட்ட ஒவ்வொரு வாரமும் செலவுக் கணக்குத்தான். மூட்டை தூக்கும் தோழர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

வழக்கின் வால் மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. 2022 செப்டம்பர் 27-ல் தனி நடுவர் குழு முடிவு சொல்லிற்று. மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. 5,000 டாலரும், கூடைப்பந்து வரவுசெலவுத் திட்டத்தில் கால் சதவிகிதமும் அபராதம். வைஸ்மன் ஆடி வென்ற இரண்டு ஆட்டங்களின் வெற்றி ஏட்டிலிருந்து நீக்கம். ஹார்டவேக்கு? தண்டனை இல்லை! ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவது அவருடைய நெடுநாள் வழக்கம், இதுவும் அதைச் சேர்ந்ததே என்று குழு கருதிற்று. நல்லது, மகிழ்ச்சி. ஆனால் கொடுத்தது அறம் என்றால், அதை அறியாதவன் ஒதுக்கப்பட்டது எதற்கு? கொடுத்தவர் கை சுத்தம் என்று மூன்றாண்டு கழித்துக் கண்டுபிடித்தவர்கள், பிள்ளை இழந்த ஆட்டங்களை எந்த ஏட்டிலே எழுதித் திருப்பித் தந்தார்கள்?

அதற்குள் சங்கத்தின் வேதத்திலேயே ஏடுகள் உதிர ஆரம்பித்திருந்தன. 2021 சூன் 21-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆல்ஸ்டன் வழக்கிலே, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். சூலை முதல் நாளிலிருந்து மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. 2025 சூன் 6-ல் இன்னொரு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது: பழைய ஆட்டக்காரர்களுக்கு 280 கோடி டாலர் நட்டஈடு, இனிக் கல்லூரிகளே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வைஸ்மன் இரண்டாண்டு தள்ளிப் பிறந்திருந்தால், 11,500 டாலரை ஒரே ஒரு விளம்பரத்திலே சட்டப்படி சம்பாதித்திருப்பான்!

பணம் வந்துவிட்டது. 'தொழிலாளி' என்ற பெயர் மட்டும் வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் கல்லூரிகள் நடுங்குகின்றன.

டார்ட்மத் என்று பழம்பெருமை வாய்ந்த ஒரு கல்லூரி. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அந்தக் கல்லூரியின் கூடைப்பந்துப் பிள்ளைகள் தொழிற்சங்கம் அமைக்க மனுப்போட்டார்கள். 'இவர்கள் தொழிலாளர்களே' என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி 2024 பிப்ரவரி 5-ல் தீர்ப்பளித்தார். மார்ச்சு 5-ல் வாக்கெடுப்பு நடந்தது. பதினைந்து பேர் கொண்ட அணி. பெட்டியைத் திறந்து எண்ணியபோது, சங்கம் வேண்டும் என்று 13 வாக்கு, வேண்டாம் என்று 2 வாக்கு. கல்லூரி நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது, மேல்முறையீடு என்றது. வாஷிங்டனிலே ஆட்சி மாறவிருந்த நேரம். வாரியமும் மாறும், சாதகமான தீர்ப்பும் தலைகீழாகும் என்று கண்ட சங்கம், அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளத் தோழர், ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கிலே குடித்துவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "அதெல்லாம் சரி தோழரே, அந்த இரண்டு பேர் யார்?"

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்கெடுப்பு இரகசியமானது என்றோம். அவருக்கு அது திருப்தி தரவில்லை.